பெங்களூரில் பட்டன் போனோடு ஒரு செமஸ்டர்

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிற 4ஜி பட்டன் போன், போன் என்ற அளவில் நல்ல சாமான். ரீல்ஸ் பழக்கத்தை விட வேண்டும் என்று வாங்கினால் அந்த வேலையையும் ஓரளவு செய்யும். ஆனால் வீட்டை விட்டு வந்து பெங்களூரில் தனியாக இருந்து படிக்கிற பிள்ளைக்கு அதுவே ஒரே போனாக இருந்தால், நம் காலில் நிற்கிறோம் என்ற பெருமை சீக்கிரமே போய்விடும். எதற்கெடுத்தாலும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் "அக்கா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று நிற்க வேண்டி வரும். நான் ஒரு செமஸ்டர் முழுக்க நின்றேன்.

எனக்குக் கரூர் பக்கம். இங்கே பி.காம் இரண்டாம் வருடம், அல்சூர் ஏரிக்கு நடக்கிற தூரத்தில் ஒரு பீஜியில், அதாவது மாத வாடகை கட்டித் தங்குகிற தனியார் விடுதியில், மூன்று பேர் தங்கும் ரூம். எங்கள் செட்டுக்கு போன் கையில் வந்த கதை எல்லோருக்கும் ஒன்றுதான். 2020-ல் ஸ்கூலை மூடினார்கள், ஆன்லைன் கிளாஸ் என்றார்கள், அதுவரை பிள்ளைக்கு எதற்கு போன் என்று பேசிக்கொண்டிருந்த அப்பாவே கடைக்குப் போய் டச் போன் வாங்கிக் கொடுத்தார். அந்த ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருந்தது. வீட்டில் இருந்தவரை "போனைக் கீழ வையி கண்ணு" என்று சொல்ல ஆள் இருந்தது. பீஜியில் யார் சொல்வார்கள்? ராத்திரி பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுகிற ஆன்ட்டிக்கு நாம் உள்ளே இருந்தால் போதும், உள்ளே என்ன செய்கிறோம் என்பது அவர் கவலை இல்லை. நேரக் கட்டுப்பாடு போடுகிற ஆப்பெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கட்டுப்பாடு போட்டவளும் நான், பாஸ்வேர்டு தெரிந்தவளும் நான், அப்புறம் அது எப்படி வேலை செய்யும்?

போன் வாங்கியது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில். அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறி சிக்பேட்டையில் இறங்கினால் நடந்து போய்விடலாம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்த விலையில் வருகிற எல்லாப் போனும் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான், வெளியே கலர் மட்டும் மாறும். பெயரை விட முக்கியமானது 4ஜியா 2ஜியா என்பது. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து ஐந்நூறுக்கெல்லாம் அழகழகான 2ஜி போன்களை எடுத்து நீட்டுவார்கள். கையில் ஜியோ சிம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, 4ஜி வழியாகத்தான் குரலே போகும், அதனால் சிம்மைப் போட்டாலும் சிக்னல் காட்டாது. அப்புறம் சில மலிவு 4ஜி மாடல்கள் ஒரே கம்பெனி சிம்மைத்தான் ஏற்றுக்கொள்ளும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். என்னுடையதில் இல்லை, அது இல்லாததன் அருமை பீஜி வைஃபை படுத்துக்கொள்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெரிந்தது.

சாமானைப் பற்றிச் சொன்னால், குரல் நன்றாகக் கேட்கிறது. மெட்ரோவுக்குள் நின்று பேசினாலும் எதிரே இருப்பவர் "ஆ? ஆ?" என்பதில்லை. டார்ச் பிரமாதம், என் பழைய போன் டார்ச்சை விட வெளிச்சம் தூரம் போகிறது, பீஜி மாடிப்படியில் பல்பு போனால் ஆன்ட்டியே என்னைத்தான் கூப்பிடுவார். பேட்டரியைக் கழற்றி மாட்டலாம். ஆனால் பெட்டியில் போட்டிருப்பதுபோல வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் என்று நம்ப வேண்டாம். அது பழைய 2ஜி போன்களின் பெருமை. 4ஜியில் பேசிக்கொண்டிருந்தால் மூன்று நான்கு நாளில் சார்ஜர் தேட வேண்டியதுதான், டச் போனோடு ஒப்பிட்டால் அதுவே சொர்க்கம். கேமரா என்று பின்னால் ஒரு ஓட்டை இருக்கிறது. போர்டில் எழுதியதை அதில் எடுத்தால் போர்டு எங்கே சுவர் எங்கே என்று தெரியாது. நான் பழையபடி நோட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பித்தேன்.

எஸ்எம்எஸ் தனிக் கதை. தமிழ் எழுத்து நன்றாகத் தெரிகிறது, கட்டம் கட்டமாக வருவதில்லை. இந்தியாவில் விற்கிற போன் எதுவானாலும் 22 மொழிகளிலும் வருகிற செய்தியைப் படிக்கக் காட்டியாக வேண்டும் என்று ஐஎஸ் 16333 என்றொரு தர விதி இருப்பதன் பலன் அது. எழுதுவதுதான் தவம். ஒரே பட்டனை நாலைந்து தடவை அமுக்கினால்தான் வேண்டிய எழுத்து வரும், அதற்கு மேல் கொம்பும் காலும் போட வேண்டும். போதாக்குறைக்கு, இங்கிலீஷில் 160 எழுத்து வரை ஒரு எஸ்எம்எஸ் என்றால் தமிழில் 70தான். அந்த 70-லும் புள்ளி ஒன்று, கொம்பு ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவதால் வெறும் "வணக்கம்" என்பதற்கே 7 போய்விடும். "அம்மா, ஊருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்பறேன், காலைல அப்பாவை வரச் சொல்லு" என்று ஒரு வரி எழுதினால் இரண்டு எஸ்எம்எஸ் காலி. அதனால் நானும் எல்லோரையும் போல "amma friday kelambren" ரகத்துக்கு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிற வழக்கத்துக்கு மாறிவிட்டேன்.

பெரிய குறை எஸ்எம்எஸ் மெமரி. சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் போன் சத்தம் போடாது, மூலையில் ஒரு சின்ன உறை மட்டும் மினுக்கும், புதுச் செய்தி உள்ளே வராது. பரீட்சைக் கட்டணம் கட்டும்போது லேப்டாப்பில் ஓடிபிக்காகக் காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்து, என்னடா என்று பார்த்தால் லோன் வேணுமா, பிளாட் வேணுமா என்று வந்த குப்பைகள் பெட்டியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வாங்கிய கையோடு START 0 என்று 1909-க்கு அனுப்பி விளம்பரச் செய்திகளை நிறுத்திவிடுங்கள். எல்லாம் நிற்காது, பாதியாவது குறையும்.

காண்டாக்ட் மாற்றுவதும் எரிச்சல்தான். சிம்மில் ஏற்றினால் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன. "கல்பனா அத்தை" என்று இருந்தவர் "கல்பனா அ" ஆகிவிட்டார், அத்தையா அக்காவா என்று எடுத்துப் பேசினால்தான் தெரியும். சரி, இதெல்லாம் பழகிவிடும்.

இப்போது வீட்டு விஷயம். இந்த போன் எனக்கு நிஜமாகவே கொஞ்சம் சுதந்திரம் கொடுத்தது என்றால் அது இங்கேதான். டச் போனில் அப்பா மேப்பில் என் இருப்பிடத்தைப் பார்க்கிற மாதிரி செட் பண்ணி வைத்திருந்தார். முதல் வருடம் முழுக்க "சாமி, காலேஜ் முடிஞ்சு சிவாஜி நகர் பக்கம் எதுக்குப் போன?" என்று சாயங்காலம் கேள்வி வரும். சந்தேகம் ஒன்றும் இல்லை, கடையில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு, நான் ஒரு நீலப் புள்ளியாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டன் போன் வாங்கியதும் புள்ளி நின்றுவிட்டது. அம்மாவுக்கு வீடியோ கால் போனதுதான் பெரிய துக்கம். "மொகத்தைப் பாக்காம எப்படி கண்ணு? எளைச்சிருக்கியா என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரே புலம்பல். கொஞ்ச நாள் மணிக்கொரு தடவை கூப்பிட்டார்கள். வகுப்பில் இருக்கும்போது எடுக்காவிட்டால் பீஜி ஆன்ட்டிக்கே போன் போய்விடும், அவருக்குத் தெலுங்கும் கன்னடமும்தான் வரும், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான், இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இன்றுவரை மர்மம். பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கூப்பிடுவேன், அதுவரை யாரும் பதறக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், பேச்சு நீண்டுவிட்டது. வீடியோ காலில் பாதி நேரம் அம்மாவின் நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும்தான் தெரியும், "தெரியுதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். இப்போது பாட்டிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, தம்பி டியூஷனை விட்டுவிட்டானாமே என்றெல்லாம் நடுவில் ஒருவரும் ஸ்கிரீனைப் பார்க்காமல் பேசுகிறோம். அப்பாவும் "இப்ப எங்க இருக்க?" என்று கேட்டு, நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார். இதற்காக மட்டும் இந்த போனுக்கு ஒரு ஸ்டார் கூடப் போடலாம்.

காசு விஷயத்தில் என் போன் பெட்டியிலேயே யூபிஐ உண்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. பொய் இல்லை. யூபிஐ 123பே என்று 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது, இன்டர்நெட் இல்லாமலே, கூப்பிட்டால் பேசுகிற குரல் சொல்கிறபடி நம்பர்களை அமுக்கிப் பணம் அனுப்பலாம். 2025-லிருந்து ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை போகலாம். ரூமில் உட்கார்ந்து அம்மாவுக்கோ அக்காவுக்கோ பணம் அனுப்ப அருமையான ஏற்பாடு. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு பானிபூரி வண்டி முன்னால், பின்னால் எட்டு பேர் நிற்க, "தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும்" என்று அந்த அம்மாள் நிதானமாகப் பேசுவதைக் காதில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள். வண்டிக்காரர் "பர்வாகில்ல, நாளெ கொடி" (பரவாயில்லை, நாளைக்குக் குடுங்க) என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். ஆகவே ரொக்கம்தான். பர்ஸ் வைத்துக்கொண்டேன், அதில் பத்து ரூபாய் நோட்டாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன்.

இந்த ஊரில் ரொக்கம் செல்லாது என்று பயமுறுத்துவார்கள், அது அவ்வளவு உண்மை இல்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யூபிஐ வரவுக் கணக்கை வைத்துச் சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்ப, பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று பல இடங்களில் க்யூஆர் கோடைக் கழற்றிவிட்டு "நோ யூபிஐ, ஒன்லி கேஷ்" என்று அட்டை தொங்கவிட்டார்கள். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி, அது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தில் இருக்கும்போது ஒரு மார்க் கேள்வி, டீக்கடைக்காரர் வாசலில் வந்தால் வயிற்றுக் கலக்கம். அந்த அலை அப்புறம் அடங்கிவிட்டது, க்யூஆர் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, ஆனாலும் இப்போதும் கையில் காசை நீட்டினால் முகம் சுளிக்கிற சின்னக் கடை குறைவுதான். சுளிக்கிறவர்கள் பெரிய கஃபேக்காரர்கள். மேசையில் மெனு அட்டைக்குப் பதில் க்யூஆர் ஒட்டி வைத்திருக்கிற இடத்தில் போய் "என்ன இருக்கு?" என்று கேட்டால், இந்தப் பெண் எந்தக் காலத்திலிருந்து வந்தது என்கிற மாதிரி பார்ப்பார்கள். பில்லும் அந்த மாதிரிதான் இருக்கும் என்பதால் அங்கே போகாதது நஷ்டம் இல்லை.

போக்குவரத்தில் மெட்ரோவுக்கு முழு மார்க். ஸ்மார்ட் கார்டு ஒன்று போதும், டிக்கெட்டில் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் இன்னும் 5. என்ன, 2025 பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றியபோது கார்டில் எப்போதும் 90 ரூபாயாவது இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், மாதக் கடைசியில் அந்த 90 உறுத்தும். பஸ்ஸில் எனக்குத் தனி வருத்தம் உண்டு. 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை வேண்டும். என் ஆதாரில் கரூர். ஊரில் டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து ஓசியில் போய்ப் பழகிய எனக்கு, பக்கத்து சீட்டுப் பெண் பூஜ்ய ரூபாய் டிக்கெட் வாங்க, நான் மட்டும் பர்ஸைத் துழாவ வேண்டும், "சில்லறெ கொடி" என்று கண்டக்டர் தலைக்கு மேல் நிற்பார். ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்தால் பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார், இறங்கும்போது ஞாபகமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆட்டோ, மேப் இல்லாமல் பரவாயில்லை. 2025 ஆகஸ்டிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 என்பது மீட்டர் கணக்கு, அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் ஏமாற்ற முடியாது. அல்சூரில் பாதி ஓட்டுநர்கள் தமிழே பேசுவார்கள், "மீட்டர் மேல ஒரு இருவது போட்டுக் குடும்மா" என்பதும் தமிழில்தான் வரும். மேப் இல்லாததால் வழி கேட்டுக் கேட்டு எனக்குக் கன்னடம் வந்துவிட்டது. "ஹீகே நேர ஹோகி, ஆமேலே லெஃப்ட்" (இப்படியே நேரா போங்க, அப்புறம் லெஃப்ட்) என்பது புரிய ஆரம்பித்த பிறகு ஊரே கொஞ்சம் சின்னதாகிவிட்டது. முதல் வருடம் போனில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் எந்தத் தெரு எங்கே போய்ச் சேரும் என்றே எனக்குத் தெரியாது. இதை ராத்திரி எட்டு மணிக்கு மேல் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாத ஏரியாவில் இருட்டில் நின்று தெரியாத ஆளிடம் வழி கேட்பது பையன்களுக்குச் சாகசமாக இருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் ஆப்பில் புக் பண்ணின வண்டியும், அதன் நம்பரை யாருக்காவது அனுப்புகிற வசதியும் வேண்டும்.

இனிதான் முக்கியமான இடம்: காலேஜ். எந்த நோட்டீஸும் இப்போது போர்டில் வருவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். இன்று இரண்டாவது பீரியட் இல்லை, இன்டர்னல் தேதி மாறியது, அசைன்மென்ட்டை இந்த லிங்க்கில் போடு, விழாவுக்குப் பெயர் கொடுக்க இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணு. டச் போனை அலமாரியில் வைத்துவிட்டு லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். அது நடக்கும், ஆனால் போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் லேப்டாப்பிலிருந்தும் வெளியே தள்ளிவிடும். அதனால் அவ்வப்போது அலமாரியைத் திறந்து அதற்குச் சார்ஜ் போட்டு, வைஃபையில் காட்டிவிட்டுத் திரும்ப மூடி வைக்க வேண்டும், நோன்பு மாதிரி. லேப்டாப்போடு எந்நேரமும் திரிய முடியாதே. காலையில் கிளம்பிப் போய்ப் பூட்டிய வகுப்பறை முன்னால் நின்றபோதெல்லாம் தோழி ஒருத்தி எஸ்எம்எஸ் அனுப்ப மறந்திருப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கு ஒருத்திக்காகத் தனியாக எஸ்எம்எஸ் அடிக்க வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து?

ரூமில் இன்னும் மோசம். நாகர்கோவில் அக்கா ஒருவர் வேலைக்குப் போகிறவர், ஹாசன் பெண் ஒருத்தி என் வயசு. பீஜி வாடகையை ஆன்லைனில் கட்டினால்தான் ரசீது என்பார்கள், அக்கா கட்டுவார், நான் ரொக்கம் கொடுப்பேன். ஊருக்கு பஸ் டிக்கெட் அக்கா போனில். மருந்து ஆர்டர் ஹாசன் பெண் போனில். யார் யாருக்கு எவ்வளவு என்று தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்தேன், பற்று வரவு சரியாக வைக்க பி.காம் அந்த அளவுக்காவது உதவியது. பணக் கணக்கு ஒரு ரூபாய் பிசகவில்லை. பிரச்சினை பணத்தில் இல்லை. ஒரு தடவை தோல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போட வேண்டும், ஆன்லைனில்தான் போட முடியும், அதற்கு என்ன தொந்தரவு என்று கட்டத்தில் எழுத வேண்டும். அக்கா போனில் எழுதினேன். அதற்கப்புறம் அக்கா போனில் ஒரு வாரம் சோப்பு விளம்பரமும் களிம்பு விளம்பரமுமாக வந்தது, அவர் சிரித்துக்கொண்டே காட்டினார். நல்ல மனுஷி, தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் எந்த ஊருக்கு எப்போது போகிறேன், என்ன மருந்து சாப்பிடுகிறேன், என்ன செருப்பு வாங்குகிறேன் என்பதெல்லாம் என் போனிலிருந்து போய் இன்னொருவர் போனில் ஏறிவிட்டது. அப்பா புள்ளியாகப் பார்த்ததைவிட இது அதிகம். டச் போனை விட்டால் யாரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் மனைவியிடமோ மகனிடமோ ஒரு டச் போன் இருக்கிறவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

அக்கா ஒரு நாள் கூட முடியாது என்று சொன்னதில்லை. எனக்குத்தான் கேட்கும்போது குரல் இறங்க ஆரம்பித்தது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அவர் படம் பார்க்கிற நேரத்தில் கேட்கலாமா வேண்டாமா, முடிந்த பிறகு கேட்கலாமா என்று யோசித்து, கடைசியில் வேண்டாம் என்று விட்ட வேலைகள் நிறைய. இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். அம்மாவிடமாவது அதட்டிக் கேட்கலாம்.

பொழுதுபோக்கு விஷயத்துக்கு வருகிறேன், இதில் போனுக்கு நல்ல பெயர். எஃப்எம் இருக்கிறது, இயர்போன் குத்தினால் தெளிவாகக் கேட்கிறது. 101.3-ல் ஆகாஷ்வாணி ரெயின்போ, 102.9-ல் விவித் பாரதி, 91.1-ல் ரேடியோ சிட்டி. இந்தக் கடைசியது 2001 ஜூலையில் இதே ஊரில் தொடங்கியது, நாட்டிலேயே முதல் தனியார் எஃப்எம். பழைய கன்னடப் பாட்டுகளில் தமிழில் கேட்ட மெட்டு வந்தால் ஒரு சந்தோஷம். தமிழ்ப் பாட்டுக்கு மெமரி கார்டு, ஊரில் மொபைல் கடை அண்ணனிடம் கொடுத்தால் இன்றும் நிரப்பித் தருகிறார், நாம் கேட்காத கிராமிய பக்திப் பாடல்களும் சேர்ந்து வரும், அடுத்த பாட்டு எது என்று யாரும் கணக்குப் போட்டுத் தருவதில்லை. பாம்பு விளையாட்டு இருக்கிறது. பஸ்ஸில் ஆடலாம், அலுத்துவிடும், அலுப்பதுதான் அதன் நல்ல குணம்.

சனி ஞாயிறுகளில் ஏரிக்கரை பக்கம் தமிழ்ச் சங்கத்துக்குப் போக ஆரம்பித்தேன். 1950-ல் தொடங்கிய சங்கம், நூலகம் உண்டு, மேசையில் பேப்பரை விரித்துப் போட்டுக்கொண்டு படிக்கிற பெரியவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் இருபது வயசு. "எந்த ஊரும்மா?" என்று தொடங்கி மூன்றாவது கேள்வியில் என்ன ஆளுங்க என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள், அதற்குத் தயாராகப் போக வேண்டும். கரையில் இருக்கிற திருவள்ளுவர் சிலை 1991-லேயே வைத்தும் திறக்க விடாமல் பதினெட்டு வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்த கதையை அங்கே ஒரு தாத்தாதான் சொன்னார், நான் அதுவரை அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி மட்டும்தான் எடுத்திருந்தேன். ஜே.பி. நகரில் ரங்க சங்கராவுக்கும் போனேன், அருந்ததி நாக் முயற்சியில் 2004-ல் திறந்த நாடக அரங்கம். நாடகம் தொடங்கிவிட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள், டிராஃபிக் என்று கெஞ்சினாலும் கிடையாது. கன்னட நாடகம் பாதிதான் புரிந்தது, ஆனால் உள்ளே இரண்டு மணி நேரம் யார் மடியிலும் வெளிச்சம் தெரியவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

ரீல்ஸ் நின்றதா என்றால், போனில் நின்றது. லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தால் அதே இன்ஸ்டாகிராம் இருக்கத்தான் செய்கிறது, திறக்கத்தான் செய்தேன். வித்தியாசம் என்னவென்றால், லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் படுத்துப் பார்க்க முடியாது, சூடு ஏறும், கழுத்து வலிக்கும், மூன்று பேர் ரூமில் ராத்திரி ஒரு மணிக்கு அந்த வெளிச்சத்தை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் தூக்கம் திரும்பி வந்தது. காலை எட்டு மணி காஸ்டிங் (அடக்க விலைக் கணக்கு) வகுப்பில் முழித்திருக்கிறேன். புத்தகம் நிறையப் படித்தேன், கவிதை எழுத ஆரம்பித்தேன் என்றெல்லாம் சொல்ல ஆசைதான், அப்படி எதுவும் நடக்கவில்லை. சும்மா இருந்தேன். மொட்டை மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அதிகம்.

செமஸ்டர் முடிந்ததும் ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். பட்டன் போனில் ஒரு சிம், அதில் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன பிறகு 2025 ஜனவரியிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் டேட்டா இல்லாத பிளான் தருகின்றன, 84 நாளுக்கு 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஆனால் கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். வங்கியோடு இணைத்த நம்பர் டச் போனிலேயே இருக்கிறது. யூபிஐ ஆப் அந்த சிம் அந்த போனில் இருக்கிறதா என்று பார்க்கும், சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு விளையாட முடியாது என்பதைத் திட்டம் போடும்போதே கணக்கில் வையுங்கள். டச் போன் பகலில் பையில் கிடக்கும், ராத்திரி அலமாரிக்குள் போய்விடும். அம்மா அப்பாவிடம் பட்டன் நம்பர் மட்டும்தான். வீடியோ கால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் லேப்டாப்பில், அப்போது மொகம் பெரிதாகத் தெரிகிறதாம், அம்மாவுக்கு அதில் திருப்திதான்.

மார்க் போட வேண்டும் என்றால் பேச 5-க்கு நாலரை, டார்ச்சுக்கு 5, எஸ்எம்எஸ்ஸுக்கு 2, யூபிஐக்கு 1, அதுவும் நம்பிக்கைக்காக. இரண்டாவது போனாக வாங்குகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஹாஸ்டலில் விட்ட பிள்ளை கெட்டுப்போகாமல் இருக்க இதை வாங்கிக் கொடுத்துவிட்டு டச் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற அப்பா அம்மாக்கள் தயவுசெய்து வேண்டாம், அந்தப் பிள்ளை வேறு யார் போனையாவது வாங்கித்தான் பரீட்சைக் கட்டணம் கட்டும்.

கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள், அது இல்லாமல் சர்வீஸ் சென்டரில் வாரன்ட்டி பேச முடியாது. எனக்கு மூன்றாவது மாதமே நாலாம் நம்பர் பட்டன் அமுங்காமல் போனது, பில் இருந்ததால் கீபேடை ஓசியில் மாற்றிக் கொடுத்தார்கள். கூடுதல் பேட்டரி அதே எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிறது, பழைய பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள்.